அப்பா அம்மாவுக்கு உயில் எழுத எவ்வளவு ஆகும்? எங்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விங்க

போன வருஷம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் உயில் எழுதி முடிச்சோம். அதுல இருந்து கோயில்ல, கல்யாண வீட்ல, பசார்ல மீன் வாங்குற இடத்துல கூட ஒரே கேள்விதான், எவ்வளவு ஆச்சு, எங்க போனீங்க, எப்படி கேட்டீங்கன்னு. சுங்கை சிப்புட் சின்ன ஊரு, ஒருத்தர் லாயர் ஆபீஸ் படி ஏறுனா ஊருக்கே தெரிஞ்சிடும். நான் லாயர் இல்ல, செம்பனை மில்லுல கிராணி வேலை பாக்குறேன், எங்க வீட்ல நடந்ததையும் அதுக்காக நான் கேட்டு படிச்சு தெரிஞ்சுகிட்டதையும் எழுதுறேன். இது முஸ்லிம் இல்லாதவங்களுக்கு, தீபகற்ப மலேசியாவுல இருக்குறவங்களுக்கு. முஸ்லிமா மாறுனவங்களுக்கு சட்டமே வேற.

மொத்தம் எவ்வளவு ஆச்சு?

980 வெள்ளி. லாயர் ஃபீஸ் ஒருத்தருக்கு 450, ரெண்டு பேருக்கு 900, அப்பாவுக்கு கிளினிக்ல டாக்டர் லெட்டர் 80.

அதுக்கு முன்னாடி ரெண்டு இடத்துல விலை கேட்டோம். ஈப்போவுல ஒரு பெரிய ஆபீஸ்ல புருஷன் பொண்டாட்டி சேத்து 1,200 சொன்னாங்க, அதுக்கு மேல 8 விழுக்காடு சேவை வரி, ஆக 1,296. அந்த வரி 2024 மார்ச்ல 6ல இருந்து 8 ஆச்சு, வருஷத்துக்கு 5 லட்சம் வெள்ளிக்கு மேல வருமானம் பாக்குற ஆபீஸ்தான் அதை வசூல் பண்ணணும், அதனால சின்ன டவுன் லாயருங்க நிறைய பேர் போட மாட்டாங்க. இன்னொரு இடம் உயில் எழுதிக் குடுக்குற ஒரு கம்பெனியோட ஏஜெண்ட், வீட்டுக்கே வந்து பேசுனாரு, ரெண்டு பேருக்கும் பேக்கேஜ் 2,800. உயிலை பத்திரமா வச்சுக்குறது, நிறைவேத்துறவரா (ஆள் போனப்புறம் உயில்ல உள்ளபடி சொத்தை பிரிச்சு குடுக்குறவரு) கம்பெனியே இருக்குறது எல்லாம் அதுல சேந்து வரும்னாரு. கடைசியில நம்ம டவுன்லயே கடைக்கு மேல்மாடியில இருக்குற ஆபீஸ்ல எழுதுனோம்.

ஒரே மூணு பக்கம் பேப்பர்தானே, ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பேப்பருக்கு யாரும் காசு வாங்கல. நாம காசு குடுக்குறது கேள்வி கேக்குற ஆளுக்கு. எங்க லாயரம்மா வீட்டு கெரானை (நிலப் பட்டா) கையில வாங்கி ரெண்டு நிமிஷம் பாத்துட்டு, அப்பா ஐசியில (அடையாள அட்டை) இருக்குற பேருக்கும் கெரான்ல இருக்குற பேருக்கும் ஒரு எழுத்து வித்தியாசம் இருக்குன்னு காட்டுனாங்க. பழைய ஐசியில கிளார்க் எழுதுனது ஒண்ணு, புது ஐசியில வந்தது இன்னொண்ணு. நம்ம தோட்டத்து ஆளுங்கள்ல பாதி பேருக்கு இந்த பிரச்சனை இருக்கு, யாரும் கவனிக்கிறது இல்ல, ஆள் போனதுக்கு அப்புறம்தான் அது பூதம் மாதிரி கிளம்பும். ரெண்டு பெயரும் ஒரே ஆளோடதுதான்னு உயில்லயே எழுதி, பழைய ஐசி நம்பரையும் போட்டாங்க. வீட்டுக்கு வந்த ஏஜெண்ட் கெரானை கேக்கவே இல்ல. அதனால விலையை மட்டும் பாக்காதீங்க, உங்க பத்திரத்தை எடுத்து படிக்கிறாங்களான்னு பாருங்க.

உயில் இல்லன்னா என்ன ஆகும்? வீடு பிள்ளைங்களுக்குத்தானே வரும்?

இதை கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா நாங்க உயில் எழுதப் போனதே பெரியப்பா வீட்ல நடந்ததாலதான்.

பெரியப்பா முப்பது வருஷத்துக்கு மேல ரப்பர் தோட்டத்துல பால்வெட்டு. இபிஎப் (ஊழியர் சேமநிதி) காசை எடுத்து தாமான்ல ஒரு வீடு வாங்குனாரு, அவரு பேர்ல மட்டும். உயில் எழுதல. இறந்தப்ப வீடு மதிப்பு 180,000 வெள்ளி. பெரியம்மா, அஞ்சு பிள்ளைங்க. உயில் இல்லாம ஒருத்தர் போனா 1958 பகிர்வுச் சட்டம்தான் பங்கு போடும். பொண்டாட்டி இருந்து, பிள்ளைங்க இருந்து, இறந்தவரோட அப்பா அம்மா உயிரோட இல்லன்னா பொண்டாட்டிக்கு மூணுல ஒரு பங்கு, மீதி ரெண்டு பங்கு பிள்ளைங்களுக்கு சமமா. ஆக பெரியம்மாவுக்கு 60,000, ஒவ்வொரு பிள்ளைக்கும் 24,000. அப்பா அம்மாவும் உயிரோட இருந்தா கணக்கு மாறும், பொண்டாட்டிக்கு கால், பெத்தவங்களுக்கு கால், பிள்ளைங்களுக்கு பாதி.

கணக்கு பேப்பர்ல நல்லாத்தான் இருக்கு. ஆனா அது ஒரு வீடு. பெரியம்மா அதுலதான் சமைக்கிறாங்க, அதுலதான் படுக்குறாங்க. பிள்ளைங்க நாலு பேர் எங்களுக்கு பங்கு வேணாம், அம்மா பேர்லயே போகட்டும்னு கையெழுத்து போட ரெடி. ஒருத்தர் சிங்கப்பூர்ல, அப்பாகூட பேச்சுவார்த்தை இல்லாதவர், விசாரணைக்கும் வரல, சம்மத பாரத்தையும் அனுப்பல. நில அலுவலகத்துல பூசாக்கா (வாரிசுச் சொத்து) விசாரணைன்னா வாரிசு எல்லாரும் வரணும் இல்லன்னா சம்மதம் எழுதிக் குடுக்கணும். தள்ளி வச்சு தள்ளி வச்சு கடைசியில சட்டம் சொன்ன மாதிரியே ஆறு பேர் பேரும் கெரான்ல ஏறுச்சு. இப்ப கூரையை மாத்த பேங்க்ல கடன் கேக்கணும்னா கூட ஆறு கையெழுத்து வேணும். முப்பது வருஷம் விடியக்காலை நாலு மணிக்கு தலையில லைட்டு கட்டிகிட்டு போன மனுஷன் வாங்குன வீட்ல, அவரு பொண்டாட்டி பிள்ளைங்க தயவுல இருக்காங்க.

அந்த கேஸ் எங்க போகும்? கோர்ட்டா, லேண்ட் ஆபீஸா?

உயில் இல்லாம, வீடோ நிலமோ இருந்து, மொத்த சொத்து 5 மில்லியனுக்கு மேல போகலன்னா நில அலுவலகத்தோட பூசாக்கா பிரிவு. 2024 ஜூலை வரைக்கும் அந்த வரம்பு 2 மில்லியனா இருந்துச்சு. வீடு நிலம் இல்லாம பேங்க் காசு, காடி (கார்) மாதிரி மட்டும் இருந்து 600,000க்குள்ளன்னா அமானா ராயா, அதாவது அரசாங்கத்தோட சொத்து நிர்வாக நிறுவனம். மத்தது ஐகோர்ட்.

வீடு அப்பா அம்மா ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு, ஒருத்தர் போனா தானா இன்னொருத்தருக்கு போயிடும்தானே?

போகாது. இதை நானும் ரொம்ப நாளா தப்பா நினைச்சுகிட்டு இருந்தேன். நம்ம நாட்டு நிலச் சட்டத்துல ரெண்டு பேர் பேர் இருந்தா ஆளுக்கு ஒரு பங்கு, அவ்வளவுதான். அப்பா போனா அப்பாவோட பாதி அப்பாவோட சொத்தா நிக்கும், அதை மேல சொன்ன மாதிரி பிரிப்பாங்க. அப்பாவோட பாதி அம்மாவுக்குத்தான்னு வேணும்னா உயில்ல எழுதணும், அதே மாதிரி அம்மாவும் எழுதணும். அதனாலதான் புருஷனுக்கு ஒண்ணு பொண்டாட்டிக்கு ஒண்ணுன்னு ரெண்டு உயில். ஒரே உயில்ல ரெண்டு பேரையும் போட்டு காசு மிச்சம் பிடிக்கப் பாக்காதீங்க, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்குறதால நிறைய லாயருங்க ஜோடியா எழுதுனா குறைச்சுத்தான் வாங்குறாங்க.

நாமளே எழுதிக்கலாமா, சும்மா?

எழுதலாம், சட்டப்படி செல்லும். 18 வயசு ஆகியிருக்கணும், புத்தி தெளிவா இருக்கணும், எழுத்துல இருக்கணும், கடைசியில கையெழுத்து போடணும், போடும்போது ரெண்டு சாட்சி ஒரே நேரத்துல கூட இருந்து பாக்கணும், அவங்களும் அவரு முன்னாடியே கையெழுத்து போடணும். ஸ்டாம்பு வேணாம், எங்கயும் போய் பதிய வேணாம், சத்தியப் பிரமாண ஆணையர்கிட்ட போக வேணாம். 1959 உயில் சட்டத்துல இருக்குறது இவ்வளவுதான்.

ஆனா ஒரு இடத்துல நிறைய பேர் வழுக்கி விழுறாங்க. சாட்சி போட்டவருக்கோ, அவரோட புருஷன் பொண்டாட்டிக்கோ உயில்ல ஏதாவது எழுதியிருந்தா அந்த பங்கு செல்லாது. உயில் செல்லும், அவரு பங்கு போயிடும். வீட்ல எழுதும்போது பக்கத்துல யாரு இருப்பா? மருமகன்தான் இருப்பாரு. மருமகன் சாட்சி போட்டா மகளுக்கு எழுதுனது போச்சு.

வாட்சப்ல வாய்ஸ் அனுப்பி வச்சிருக்காரு, வீடியோ இருக்குன்னு சிலர் சொல்றாங்க, அதெல்லாம் உயில் ஆகாது.

ஒரே ஒரு வீடு, ஒரே ஒரு பிள்ளைன்னா நீங்களே எழுதிக்கலாம்னு கூட சொல்வேன். பிள்ளைங்க மூணு பேருக்கு மேல இருந்தா 450 வெள்ளியை குடுத்துடுங்க.

தமிழ்ல எழுதுனா செல்லுமா?

செல்லும். ஆனா பின்னாடி கோர்ட்டுக்கு போகும்போது அங்கீகாரம் உள்ள மொழிபெயர்ப்பாளர்கிட்ட குடுத்து மலாய்ல மாத்தணும், அது ஒரு செலவு. எங்களுது ஆங்கிலத்துல எழுதி தமிழ்ல வாசிச்சு காட்டுனாங்க.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கையும் நடுங்குது. எப்படி கையெழுத்து?

கைநாட்டு வைக்கலாம். எங்க அப்பாவும் அதுதான் வச்சாரு, ஸ்ட்ரோக் வந்த கை. முக்கியம் என்னன்னா, எழுதுனதை அவருக்கு புரியுற மொழியில முழுசா வாசிச்சு காட்டுனோம், புரிஞ்சுகிட்டு ஒத்துகிட்டாருன்னு உயில்லயே ஒரு பத்தி இருக்கணும். ஸ்ட்ரோக் வந்தவங்க, மறதி உள்ளவங்கன்னா கையெழுத்து போடுற அன்னைக்கோ அதுக்கு முந்தின நாளோ டாக்டர் பாத்து புத்தி தெளிவா இருக்காருன்னு ஒரு லெட்டர் வாங்கிடுங்க. அந்த 80 வெள்ளியை நான் செலவுன்னே நினைக்கல.

அன்னைக்கு நடந்ததை சொல்றேன். லாயரம்மா எங்களை வெளிய உக்கார சொல்லிட்டாங்க, பிள்ளைங்க யாரும் உள்ள வரக்கூடாதுன்னு. கதவுல கண்ணாடி இருந்துச்சு, சத்தம் கேக்கல, முகம் மட்டும் தெரியும். ஆபீஸ்ல வேலை செய்ற ரெண்டு பொண்ணுங்க சாட்சி. லாயரம்மா ஒரு ஒரு வரியா விரல் வச்சு வாசிக்கிறாங்க, அப்பா தலையை ஆட்டிகிட்டே இருக்காரு, ஒரு இடத்துல கையைக் காட்டி நிறுத்துனாரு. திரும்ப வாசிச்சாங்க. அப்புறம் நீல மை பேட்டை நகத்திக் குடுத்தாங்க, அப்பா பெருவிரலை வேட்டியில நல்லா தொடச்சுட்டுத்தான் மையில வச்சாரு. அம்மா தமிழ்ல கையெழுத்து போட்டாங்க, தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல மூணாம் வகுப்பு வரைக்கும் படிச்சவங்க, அவ்வளவு நிதானமா ஒரு ஒரு எழுத்தா எழுதுறதை நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

திரும்பி வரும்போது காடியில அம்மாவா சொன்னாங்க, மூணு பவுன் சங்கிலியை சின்ன மருமகளுக்கு எழுதிட்டேன்னு. அம்மாவுக்கு கால்ல சர்க்கரைப் புண்ணு வந்தப்ப அவதான் தினமும் கழுவி மருந்து போட்டா. அந்த சங்கிலி எனக்குத்தான்னு நான் சின்ன வயசுல இருந்து நினைச்சுகிட்டு இருந்தேன். உள்ள நான் உக்காந்திருந்தா அம்மா அதை வாய் விட்டு சொல்லியிருக்க மாட்டாங்க.

அப்ப யாரு காசு குடுக்கணும்? யாரு கூட்டிட்டு போகணும்?

நாங்க மூணு பேரும் பிரிச்சு போட்டோம். ஒரு பிள்ளை மட்டும் காசு கட்டி, அவரே கூட்டிட்டு போய், அவரே உள்ள உக்காந்து, கடைசியில அவருக்கே நிறைய பங்கு வந்துச்சுன்னா மத்தவங்க கேஸ் போட வழி கிடைச்சிடும், வற்புறுத்தி எழுத வச்சாங்கன்னு. கூட்டிட்டு போங்க, கதவுக்கு வெளிய நில்லுங்க.

இபிஎப், இன்சூரன்ஸ் எல்லாம் உயில்ல எழுதணுமா?

இபிஎப்ல வாரிசு பேர் குடுத்திருந்தா காசு அந்த ஆளுக்குத்தான் போகும், உயில்ல வேற பேர் எழுதியிருந்தாலும் அது எடுபடாது. பேர் குடுக்குறதுக்கு காசு இல்ல. அதனால லாயர் ஆபீஸ் போறதுக்கு முன்னாடி இபிஎப்ல யாரு பேர் இருக்குன்னு பாத்துடுங்க, எங்க மாமா ஒருத்தருக்கு இன்னும் இறந்து போன அவரோட அம்மா பேரே இருந்துச்சு. இன்சூரன்ஸும் அப்படித்தான், புருஷன் பொண்டாட்டி பிள்ளைங்க பேரை குடுத்திருந்தா அது நேரா அவங்களுக்கு. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பென்ஷன் யாருக்குன்னு சட்டமே சொல்லிடும், உயில்ல எழுத முடியாது.

இன்னொண்ணு, தோட்டத்து ஆளுங்க மறக்குறது, நிலநிதி. அமைச்சரா இருந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960ல ஆரம்பிச்ச தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், துண்டு போட்டு வித்த தோட்டங்களை தொழிலாளிங்களே வாங்கணும்னு. அவரு நம்ம ஊர்க்காரரு, இந்த வட்டாரத்துல பங்கு வாங்காத குடும்பம் குறைச்சல். அப்பா பழைய பெட்டியில இருந்து அந்த பங்கு புத்தகத்தை எடுத்தப்ப ஓரமெல்லாம் செல்லரிச்சிருந்துச்சு. வாரிசு பேர் குடுத்திருக்கான்னு சங்கத்துல கேளுங்க, குடுக்கலன்னா குடுத்துடுங்க, உயில்லயும் ஒரு வரி எழுதுங்க.

தோட்டத்து வீட்டை எழுதலாமா?

லயத்து வீடு, குவாட்டர்ஸ் எல்லாம் கம்பெனியோடது, எழுத முடியாது. வீட்டுத் திட்டத்துல வாங்கி கெரான் கைக்கு வந்திருந்தா எழுதலாம். குறைஞ்ச விலை வீடுன்னா கெரான்ல சில நேரம் நிபந்தனை போட்டிருப்பாங்க, மாநில அரசு அனுமதி இல்லாம பேர் மாத்த முடியாதுன்னு, அதை லாயர்கிட்ட கண்டிப்பா காட்டுங்க.

கோயில்ல தாலி கட்டுனதுதான், ரெஜிஸ்டர் பண்ணல. அம்மாவுக்கு பங்கு வருமா?

இந்த கேள்வியை ஒரு அம்மா எங்கிட்ட பசார்ல மெதுவா கேட்டாங்க. அதனால சொல்றேன், வெக்கப்பட ஒண்ணும் இல்ல, அந்த காலத்துல தோட்டத்துல யாரு போய் ரெஜிஸ்டர் பண்ணா.

1982 மார்ச் 1க்கு முன்னாடி சம்பிரதாயப்படி நடந்த கல்யாணம்னா சட்டம் அதை ரெஜிஸ்டர் ஆனதாவே எடுத்துக்கும். அதுக்கு அப்புறம் கோயில்ல மட்டும் தாலி கட்டி பதியாம விட்டிருந்தா, சட்டத்தோட கண்ணுக்கு அவங்க பொண்டாட்டி இல்ல. நாப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருந்தாலும் பங்கு கேக்குறது பெரிய போராட்டம். பிள்ளைங்களுக்கும் அப்பா சொத்துல அதே சிக்கல். வளர்த்த பிள்ளையும் அப்படித்தான், அக்கா பிள்ளையை தூக்கி வளர்த்தோம், ஸ்கூல்ல எங்க பேரைத்தான் குடுத்தோம்னு சொல்வாங்க, கோர்ட்டுல முறையா தத்து எடுக்கலன்னா பகிர்வுச் சட்டத்துல அந்த பிள்ளைக்கு ஒரு பைசா கிடையாது.

இவங்களுக்குத்தான் உயில் ரொம்ப ரொம்ப அவசியம். உயில்ல பேரையும் ஐசி நம்பரையும் போட்டு இன்னாருக்கு இதுன்னு எழுதிட்டா கல்யாணப் பத்திரம் இருக்கா, தத்துப் பத்திரம் இருக்கான்னு யாரும் கேக்க வேண்டியது இல்ல. இந்த நிலைமையில உள்ளவங்க விலையெல்லாம் பேசிகிட்டு இருக்காதீங்க, இந்த மாசமே போங்க. இப்பவும் போய் கல்யாணத்தை ரெஜிஸ்டர் பண்ணலாம், ஆனா அதை உயிலுக்கு முன்னாடி பண்ணுங்க, காரணம் அடுத்த கேள்வியில இருக்கு.

எழுதுன உயில் எப்பவும் செல்லுமா? மாத்துறதுக்கு எவ்வளவு?

எத்தனை தடவை வேணாலும் மாத்தலாம், கடைசியா எழுதுனதுதான் நிக்கும். எங்க லாயர் மாத்தி எழுத 250 சொன்னாங்க. ஆனா கல்யாணம் பண்ணா பழைய உயில் தானா ரத்தாயிடும். அம்மா தவறிப்போய் அப்பா மறுபடி கல்யாணம் பண்ணிகிட்டா புது உயில் எழுதணும். விவாகரத்து பண்ணா ரத்தாகாது, அதனால பிரிஞ்சவங்க பழைய உயிலை எடுத்து பாக்கணும்.

ஒரு பிள்ளைக்கு ஒண்ணும் குடுக்க வேணாம்னு எழுதலாமா?

எழுதலாம். ஆனா 1971ல வந்த ஒரு சட்டப்படி புருஷன் அல்லது பொண்டாட்டி, கல்யாணம் ஆகாத மகள், 18 வயசு ஆகாத மகன், உடம்பு முடியாத பிள்ளை, இவங்க எல்லாம் எங்களுக்கு பராமரிப்பு வேணும்னு கோர்ட்டுல கேக்கலாம். நல்லா சம்பாதிக்கிற வளர்ந்த மகன் கேக்க முடியாது. பெத்தவங்க இப்படி எழுதணும்னா காரணத்தை லாயர்கிட்ட தெளிவா சொல்லி வைக்கட்டும்.

கம்பெனியை நிறைவேத்துறவரா போடலாமா?

அந்த ஏஜெண்ட் இதைத்தான் அழுத்தி அழுத்தி சொன்னாரு. கம்பெனி எப்பவும் இருக்கும், பிள்ளைங்க சண்டை போடுவாங்கன்னு. உண்மைதான், ஆனா அவங்க பின்னாடி சொத்து மதிப்புல இத்தனை விழுக்காடுன்னு எடுப்பாங்க, அது இப்ப குடுக்குற பேக்கேஜ் காசுல வராது. ஒரு வீடும் கொஞ்சம் சேமிப்பும் இருக்குற குடும்பத்துக்கு அது தேவையே இல்லன்னு நான் நினைக்கிறேன். நம்பிக்கையான ஒரு பிள்ளை, அவரால முடியலன்னா இன்னொருத்தர்னு எழுதுங்க. நிறைவேத்துறவரு பங்கு வாங்குறவரா இருக்கலாம், தப்பு இல்ல. பிள்ளைங்க பேசிக்காம இருக்குற வீடு, பங்கு வாங்குறவரு சின்ன பிள்ளையோ உடம்பு முடியாதவரோன்னா மட்டும் கம்பெனியை யோசிக்கலாம்.

உயில் இருந்தா பின்னாடி செலவே இருக்காதுதானே?

இருக்கும், மறைக்காம சொல்றேன். உயில் இருந்தா நிறைவேத்துறவரு ஐகோர்ட்ல அனுமதி வாங்கணும், நமக்கு ஈப்போ இல்லன்னா தைப்பிங். அதுக்கு லாயர் ஃபீஸ் தனி, எங்களுக்கு சிக்கல் இல்லாத கேஸ்னா 3,500 கிட்ட வரும்னு சொன்னாங்க. நில அலுவலகத்துல பூசாக்கா கேஸ் அதை விட மலிவு. அதனால காசை மட்டும் கணக்கு பாத்தா, சட்டம் போடுற பங்கே உங்க பெத்தவங்களுக்கு சம்மதம், பிள்ளைங்க எல்லாரும் கூப்பிட்டா வருவாங்க, கல்யாணம் முறையா பதிஞ்சதுன்னா, உயில் இல்லாமயும் சமாளிக்கலாம். உயில்ல நாம வாங்குறது மலிவு இல்ல. அப்பா போனாலும் அம்மா தன் வீட்டுக்கு பிள்ளைங்க கையெழுத்துக்காக காத்துகிட்டு இருக்க வேணாம்ங்கறதுக்குத்தான் நாங்க காசு குடுத்தோம். கோர்ட்ல உயில் இல்லாத கேஸ்னா பொதுவா ரெண்டு ஜாமீன்தாரு வேற கேப்பாங்க, உயில் இருந்தா அது வேணாம். வாரிசு வரின்னு ஒண்ணு நம்ம நாட்டுல 1991லயே எடுத்துட்டாங்க, அதுக்கு பயப்பட வேணாம்.

அதுக்கு இப்பவே வீட்டை பிள்ளை பேருக்கு மாத்திட்டா என்ன?

2023 ஏப்ரல்ல இருந்து பெத்தவங்க பிள்ளைக்கு அன்பளிப்பா மாத்துனா முதல் 1 மில்லியன் வரைக்கும் ஸ்டாம்பு வரி இல்ல, பிள்ளை மலேசிய குடிமக்களா இருந்தா. அதனால நிறைய பேர் யோசிக்கிறாங்க. நான் வேணாம்னுதான் சொல்வேன். பேர் மாறுன நிமிஷம் வீடு பிள்ளையோடது. பிள்ளை கடன்ல மாட்டுனா வீடு போகும், பிள்ளைக்கு விவாகரத்து ஆனா வீடு பேச்சுக்கு வரும், பிள்ளை முன்னாடி தவறிட்டா மறுபடி அதே பங்கு கணக்குதான். வயசான காலத்துல அவங்க பேர் அவங்க கெரான்ல இருக்கட்டும், அந்த தெம்பை அவங்ககிட்ட இருந்து எடுக்காதீங்க.

எப்படி ஆரம்பிக்கிறது? நான் எப்ப சாவேன்னு பாக்குறியான்னு கேப்பாங்களே.

எங்க அப்பாவும் அதையேதான் கேட்டாரு, ரெண்டு நாள் எங்கிட்ட பேசல. நான் தப்பு பண்ணது, சொத்துன்னு ஆரம்பிச்சது. அப்புறம் அண்ணன்தான் வேற மாதிரி பேசுனாரு, சாப்பாடு முடிஞ்சு அஞ்சடியில உக்காந்திருக்கும்போது, "ப்பா, பெரியம்மா வீட்டு கூரை இன்னும் ஒழுகுதாம், கையெழுத்து கிடைக்கலயாம், உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா அம்மா எங்ககிட்ட கையேந்தி நிக்கணுமா"ன்னு. அப்பா வெத்தலையை மென்னுகிட்டே ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. மறுநாள் காலையில அவராவே கெரானை எடுத்து மேசையில வச்சாரு.

அதோட அவங்க ஆசை என்னன்னு கேளுங்க, வீட்டை விட்டுட்டு. அப்பாவுக்கு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு 2,000 வெள்ளி குடுக்கணும்னு இருந்துச்சு, எங்க யாருக்கும் தெரியாது. அப்படி எழுதும்போது கோயில் பேரை பதிவுல உள்ள மாதிரியே எழுதணும், மாரியம்மன் கோயில்னு மட்டும் எழுதுனா எந்த மாரியம்மன்னு கேள்வி வரும்.

எங்க வைக்கிறது?

கோர்ட்டுக்கு அசல் வேணும், போட்டோகாப்பியை வச்சு ஒப்பேத்துறது ரொம்ப கஷ்டம். எங்களுது லாயர் ஆபீஸ்ல ஒரு காப்பி, அசல் அண்ணன் வீட்டு அலமாரியில பிளாஸ்டிக் கவர்ல. ஸ்டேப்ளரை கழட்டாதீங்க, மேல கிளிப் போடாதீங்க, லேமினேட் பண்ணாதீங்க, பேப்பர்ல புது ஓட்டை தழும்பு இருந்தா ஏதோ சேத்தாங்க எடுத்தாங்கன்னு கேள்வி வரும். சாமி மேடைக்கு அடியில வைக்கிறவங்க இருக்காங்க, எண்ணெய் பட்டுடும், வேணாம். எங்க இருக்குன்னு ரெண்டு பேருக்காவது தெரியணும்.

முதல் நாள் என்ன கொண்டு போகணும்?

ரெண்டு பேர் ஐசி, பழைய ஐசி இருந்தா அதுவும், கல்யாணப் பத்திரம், வீட்டு கெரான் இல்லன்னா வாங்கின ஒப்பந்தம், நில வரி ரசீது, பேங்க் புத்தகம், காடி கிராண்ட், நிலநிதி புத்தகம், பிள்ளைங்க எல்லாரோட ஐசி காப்பி, நிறைவேத்துறவரோட ஐசி காப்பி. நகை இருந்தா எத்தனை பவுன்னு அம்மாவையே சொல்ல சொல்லி ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க. கண்ணாடியை மறக்காதீங்க, எங்க அம்மா மறந்துட்டு வந்து, கிளார்க் பொண்ணோட கண்ணாடியை வாங்கி போட்டுகிட்டுத்தான் கையெழுத்து போட்டாங்க. சனிக்கிழமை போறதா இருந்தா முதல்ல போன் பண்ணி கேட்டுக்கோங்க, நம்ம ஊர் ஆபீஸ் மதியம் ஒரு மணிக்கு மூடிடுவாங்க.